முதுகு வரையப்படாத சட்டை

ஜனவரி 13, திங்கள்

காலையிலிருந்து மழை. நாப்போலிக் கப்பல் பிந்தியதால் றொஜர் இன்னும் துறைமுகத்தில் நிற்கிறார். லொறிகளை இறக்கி முடிக்காமல் விடமாட்டார்கள்.

நான் வேலை செய்யும் சினோரா ஒர்தென்சியா வீட்டில் இன்று படங்கள் துடைக்கும் நாள். குளியலறைக்கும் குசினிக்கும் நடுவே தொங்கும் பென்சில் படத்தின் முன்னால் வழக்கத்தைவிடக் கூட நேரம் நின்றுவிட்டேன். பெண்கள் போடும் நீளச் சட்டை ஒன்று, அவ்வளவுதான். போட்டிருப்பவளுக்கு முகம் இல்லை. முட்டை போல ஒரு கோடு. கழுத்துப்பட்டி கழுத்தில் ஒட்டாமல் விலகி நிற்கிறது. இடுப்பு ஒரு கைப்பிடி. அதன் கீழே பாவாடை, பென்சிலைத் தூக்காமலே இழுத்ததுபோல இறங்கி, கெண்டைக்காலில் நின்றுவிடுகிறது. சினோராவின் தாய் கலியாணம் முடித்துப் பாரிஸுக்குப் போனபோது அங்கே ஒரு பெயர்பெற்ற தையல்காரர் அவளை நிற்கவைத்து வரைந்து கொடுத்தாராம். எழுபது வருடத்துக்கு மேலாகிறது. தைக்கவே இல்லை. "பலேர்மோவுக்குத் திரும்பிய நேரம் நான் வயிற்றில். அந்த இடுப்பைக் கெடுத்தது நான்தான்" என்று வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சினோரா சொல்லுவார்.

இவ்வளவு காலமும் அந்தக் கண்ணாடியைத் துடைத்திருக்கிறேன். இன்றைக்கு மட்டும் ஏன் கண் கலங்கியது?

ஏன் என்று எனக்குத் தெரியும். நேற்று மச்சாள் வீட்டில் நடந்தது அப்படி.

என் கணவர் ஏர்னஸ்ற் இறந்து ஏழு வருடம். நானும் றொஜரும் கலியாணம் செய்வதென்று போன மழைக்காலம் முடிவெடுத்தோம். அதை எப்படிச் செய்வதென்று நேற்று ஏர்னஸ்றின் அக்கா, புனிதமலர் மச்சாள், முடிவெடுத்துவிட்டார். ஒரு புதன்கிழமை காலை. பெரிய கோயிலில் இல்லை, பக்கத்துச் சிற்றாலயத்தில். பாதர், இரண்டு சாட்சிகள். எனக்கு ஒரு சாம்பல் நிறச் சேலை.

"ரண்டாந்தரக் கலியாணத்துக்கு இதுக்கு மேலை என்ன வேணும்?"

நான் ஓம் என்று தலையாட்டினேன். நாற்பத்தாறு வயது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் எடுத்தவள். தலையாட்டினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் மச்சாளைப் பிடித்தேன். அவர்தான் பாடகர் குழுவுக்குத் தலைவி. பாட்டுக் கொப்பிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"மச்சாள், கலியாணத்தை ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலை வைச்சால் என்ன?"

"எல்லாச் சனத்துக்கும் முன்னாலையோ?"

"ஓம். ஒளிச்சுச் செய்ய நாங்கள் என்ன களவே எடுக்கிறம்?"

"களவெண்டு ஆர் சொன்னது? நீ எந்த உடுப்போடை நிப்பாய் எண்டு யோசிச்சனியே? வெள்ளை குமருகளுக்கு. கூறை ஒருக்காத்தான். வேறை என்னத்தைக் கட்டிக்கொண்டு பீடத்துக்கு முன்னாலை நிக்கப்போறாய், சொல்லு பாப்பம்."

ஒரு உடுப்புக் கேள்வி என் வாயை அடைத்துவிட்டது. எனக்கு மிஞ்சியிருக்கிற நிறம் எது?

மச்சாளைக் கெட்டவராக இங்கே எழுதக்கூடாது. நான் மூன்று வீடுகளில் வேலை செய்த காலத்தில் என் மகள் நிவேதிதாவைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவந்து சோறு தீத்தியவர் அவர். ஏர்னஸ்ற் கடைசியாகக் கிடந்தபோது அவருக்குச் சவரம் செய்துவிட்டவரும் அவர்தான். என்னுடைய கூறைச்சேலையை மடித்துச் சவப்பெட்டிக்குள், தம்பியின் காலடியில் வைத்ததும் அவர் கைதான். எங்கள் வீடுகளில் அப்படித்தான் வழக்கம்.

அதனால்தான் அவரில்லாமல் செய்யவும் எனக்கு மனமில்லை.

ஜனவரி 20, திங்கள்

நிறமே இல்லாத சட்டை ஒன்று எனக்குத் தெரியும்.

பெப்ரவரி 3, திங்கள்

சினோராவிடம் கேட்டுவிட்டேன். படத்தைக் கழற்றி ஒரு போட்டோ எடுக்கலாமா, அதே மாதிரித் தைப்பிக்க வேண்டும், என் கலியாணத்துக்கு.

மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "கலியாணமா? உன் வயதிலா? அப்போது என் சட்டைகளை யார் இஸ்திரி போடுவது?"

"நான்தான் சினோரா. தாலி கட்டினால் கை முடமாகாது."

"என் கணவருக்கு ஆனதே." பிறகு தானே சிரித்தார். "கழற்று, கழற்று. அது என்ன திருச்சிலுவையா?"

சட்டத்தைத் திறந்து ஓரத்து அட்டையை எடுத்தபோது இருவரும் குனிந்து பார்த்தோம். அட்டை மறைத்திருந்த மூலையில் இரண்டு ஊசித் துளைகள், சுற்றிலும் துருக்கறை. துணித் துண்டு ஒன்று குத்தியிருந்திருக்க வேண்டும். துண்டு இல்லை. துளைகளுக்குக் கீழே, அதே பென்சிலால், சரிவாக ஒரு சொல். எம், ஏ, இரண்டு ஆர், ஓ, என்.

"மறோன்" என்று சினோரா வாசித்தார். "பிரெஞ்சு. நம்முடைய மறோனேதான்."

மண்ணிறம். இங்கே தெருவில் சுட்டு விற்கிறார்களே, அந்தக் கொட்டையின் நிறம்.

"நான் பிறந்ததிலிருந்து அது நீலம் என்று நினைத்திருந்தேன்" என்றார். குரலில் கோபம்; தாயின் மேலா, தையல்காரர் மேலா தெரியவில்லை. நான் அதை வெள்ளை என்று நினைத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

பெப்ரவரி 8, சனி

வியா மக்வேதாவிலிருந்து பிரியும் சந்தில் அப்துல் ரஹீமின் தையல் கடை. ராமநாதபுரத்துக்காரர். எங்கள் ஆட்களின் சேலைச் சட்டை முதல் இத்தாலியர்களின் கால்சட்டைக் கரை வரை எல்லாம் அவரிடம்தான். தொலைபேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்த இடுப்பு மனுசங்களுக்கு இல்ல தங்கச்சி. குளவிக்கு."

"என்ரை இடுப்புக்குத் தையுங்கோ."

"அது சரி. பின்னாடி எங்க?"

"பின்னாலை?"

"முன்பக்கம் மட்டும்தான் வரைஞ்சிருக்கான். பின்னாடி ஜிப்பா, ஹூக்கா, கொசுவமா? எப்படித் திறக்கறது, எப்படி மூடறது? வரைஞ்ச ஆளு போய்ச் சேர்ந்திருப்பான். யாருகிட்ட போய்க் கேக்குறது?"

இத்தனை காலம் பார்த்த படம். அவளுக்கு முதுகு இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது: பூசை முழுக்க நான் பீடத்தைப் பார்த்தபடி நிற்பேன். சனம் பார்க்கப்போவது முதுகைத்தான்.

அதைச் சொன்னதும் ரஹீம் நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார். "அப்ப ஊரு பாக்கப்போற டிசைன் நம்மளோடதுன்னு சொல்லுங்க."

கரை இல்லாத, சரிகை இல்லாத, தடித்த பட்டு வேண்டுமாம். மெல்லியது என்றால் பாவாடை விழுந்துவிடும். இங்கே பார்த்தவை ஒன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

மச்சாளுக்குப் படத்தைக் காட்டினேன். மண்ணிறம் என்றேன். வெகுநேரம் பார்த்தார்.

"கை மூடிக் கிடக்கு. கழுத்தும் பரவாயில்லை. பிறவுண் எண்டால் ஆரும் கதைக்காயினம். செத்தவீட்டுக்கும் போட்டுக்கொண்டு போகலாம்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை?"

"பிறவுண்தானே. பாதர் ஓமெண்டால் வையுங்கோ."

வென்றுவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரு நிம்மதி. படியேறும்போது அந்த நிம்மதி கசந்தது. செத்தவீட்டுக்கும் போடக்கூடிய கலியாண உடுப்பு. இதற்குத்தானா இவ்வளவு?

பெப்ரவரி 18, செவ்வாய்

இந்திராதேவிக்குப் படத்தை அனுப்பினேன். என்னோடு பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் இருந்தவள், இப்போது யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. பஸ்ஸுக்குள் நின்றபடி எழுதினேன்: தடித்த பட்டு, கரை வேண்டாம், நிறம் படத்திலேயே எழுதிக் கிடக்கு, மூலையைப் பார். ஊருக்குப் போயிருக்கும் லூர்து அக்கா திரும்பி வரும்போது கொண்டுவருவார்.

மார்ச் 5, சாம்பல் புதன்

பாதர் சம்மதித்துவிட்டார். "தவக்காலம் முடியட்டும். மே பதினொன்று, ஞாயிறு, தமிழ்ப் பூசையிலேயே வைப்பம்" என்றார். நெற்றியில் சாம்பலோடு நின்று கலியாண நாள் கேட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

மார்ச் 22, சனி

லூர்து அக்கா பொதியைத் தந்துவிட்டு, கருவாட்டு மணம் பிடித்திருந்தால் மன்னிக்கச் சொல்லிவிட்டுப் போனார். மேசையில் வைத்துப் பிரித்தேன்.

மண்ணிறம் இல்லை. மெரூன். கடும் மெரூன். கூறைச்சேலையின் நிறம், மயிரிழை வித்தியாசம் இல்லாமல்.

உடனே இந்திராவுக்கு அழைப்பெடுத்தேன்.

"அடியே, என்னடி அனுப்பியிருக்கிறாய்?"

"ஏன், நல்லாயில்லையே? நாலு கடை ஏறி இறங்கினனான்."

"மண்ணிறம் எல்லே கேட்டனான்!"

"எங்கை கேட்டனி? படத்திலை கிடக்கெண்டுதானே எழுதினனி. படத்திலை மெரூன் எண்டுதான் கிடக்கு."

"அது மறோனடி! பிரெஞ்சு!"

"எனக்கென்னடி தெரியும்? பிள்ளையளின்ரை கொப்பி திருத்தித் திருத்தி வந்த பழக்கம். ஒரு ஆர் கூட, ஒரு ஓ குறைய. பிரெஞ்சுக்காரனுக்கு இங்கிலீஸ் ஸ்பெல்லிங் வராதெண்டு நினைச்சன்."

நான் சிரிக்கத் தொடங்கினேன். அவளும். அடக்க முடியவில்லை. பிறகு அவள் மெல்லக் கேட்டாள்: "கலியாணத்துக்கு ஏனடி மண்ணிறம்?"

சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 23, ஞாயிறு

துணி இன்னும் மேசையில் கிடக்கிறது. அதை எடுத்து வைக்காமலே சாப்பிட்டோம், தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு.

நிவேதிதா வந்து தொட்டுப் பார்த்தாள். "மம்மா, கே பெல்லோ, நல்ல வடிவு. இதுதானே போடப்போறீங்கள்?"

"இது பிழையா வந்தது, பிள்ளை."

"பிழை எண்டால்? யார் சொன்னது?"

அவளுக்குப் பத்தொன்பது. கூறையை எந்தப் பெட்டிக்குள் வைத்தோம் என்று அவளுக்கு ஞாபகம் இருக்காது. அல்லது இருக்கிறதோ, நான் கேட்டதில்லை.

றொஜர் மத்தியானம் வந்தார். மன்னார்க்காரர், கேட்டால்தான் கதைப்பார். கேட்டேன். துணிக்குப் பக்கத்தில் போகாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். கிறீஸ் பட்டுவிடுமாம்.

"நீர் என்ன நினைக்கிறீர்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

"நான் உங்களைத்தானே கேக்கிறன்."

"நான் உம்மைத்தான் கட்டப்போறன். துணியை இல்லை. ஆனால் மண்ணிறத்துக்கு நீர் ஓமெண்டு சொன்ன அண்டைக்கு உம்மடை முகம் நல்லாயிருக்கேல்லை."

இவர் பார்க்கிறாரா? பார்க்கிறார்.

மார்ச் 26, புதன்

யோசித்து எழுதுகிறேன். மறோன் என்று சினோரா வாசித்தபோது எனக்கு வந்த நிம்மதி அந்தச் சட்டைக்காக வந்ததில்லை. மச்சாள் ஒத்துக்கொள்வார் என்பதற்காக வந்தது. அந்தத் தையல்காரர் மண்ணிறம் என்று எழுதியது வேறொருத்திக்கு. அவள் முகத்தைப் பார்த்து, அவளுக்காக. என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

இன்று காலை துணியைத் தோளில் போட்டு யன்னலடியில் நின்று பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவளை எனக்குப் பிடித்தது. வேறு காரணம் எழுதத் தேவையில்லை.

இதைத்தான் போடுவேன்.

மார்ச் 30, ஞாயிறு

மறைக்காமல் சொல்லவேண்டும் என்று மச்சாளை வீட்டுக்குக் கூப்பிட்டுத் துணியைக் காட்டினேன். தேத்தண்ணிக் கோப்பையை வைத்தவர் எழும்பிவிட்டார்.

"உது என்ன நிறம்?"

"மெரூன், மச்சாள்."

"பிறவுண் எண்டு சொன்னனி."

"ஓம். துணி மாறி வந்தது. ஆனால் இப்ப நான் மாத்தேல்லை."

"உன்ரை கூறையை இந்தக் கையாலை மடிச்சனான், ஸ்ரெல்லா. இந்தக் கையாலை. அவன்ரை காலடியிலை வைச்சனான். இப்ப நீ அதே நிறத்தோடை போய் நிக்கப்போறாய், நான் மேலை நிண்டு பாட்டுப் படிக்கிறதோ?"

"அது அவரோடை போனது, மச்சாள். நான் அதைத் திருப்பிக் கேக்கேல்லை. இது வேறை துணி."

"சனத்துக்கு வேறை துணி எண்டு தெரியுமோ?"

"உங்களுக்குத் தெரியும்தானே."

செருப்பை மாட்டினார். திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.

மார்ச் 31, திங்கள்

நான் என்ன பிழை செய்தனான்? ஏழு வருசம் அழுதனான்தானே, ஆரும் காணாமல், சினோராவின்ரை பாத்திரங்களைக் கழுவிக் கழுவி அழுதனான். அதெல்லாம் காணாதோ? இன்னும் எத்தினை நிறத்தை விட்டுக் குடுக்கவேணும்?

விடமாட்டன்.

ஏப்ரல் 5, சனி

ரஹீமிடம் துணியைக் கொடுத்தேன். விரித்துத் தடவிப் பார்த்தார்.

"மண்ணு கலர்னு சொன்னீங்க?"

"மாறிட்டுது."

"நல்லா மாறியிருக்கு. வெட்டிரலாமா? வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாது தங்கச்சி."

"வெட்டுங்கோ."

"முதுகு?"

அதையும் யோசித்து வைத்திருந்தேன். கழுத்திலிருந்து இடுப்பு வரை பொத்தான்கள், ஒரே வரிசை, அதே துணியால் மூடியவை. ஜிப் வேண்டாம்.

ரஹீம் உதட்டைப் பிதுக்கினார். "பாக்க அழகா இருக்கும். ஆனா தனியா ஒருத்தர் போட முடியாதே. யாராவது பின்னாடி நின்னு போட்டு விடணும்."

"ஓம். தெரியும்."

ஏழு வருடமாக முன்னால் பூட்டுகிற உடுப்புகளையே வாங்குகிறேன். இது இன்னொருவரின் கை இல்லாமல் பூட்டாத சட்டையாக இருக்கட்டும்.

கத்தரி முதல் வெட்டுப் போட்டபோது பார்க்கவேண்டும் என்று நின்றேன். பார்த்தேன். பட்டு வெட்டுப்படும் சத்தம் மணலில் நடப்பது போல இருந்தது.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

மச்சாள் இரண்டு கிழமையாக முகம் கொடுக்கவில்லை. இன்று பவனியில் எனக்கு முன்னால் நடந்தார். திரும்பாமலே சொன்னார்:

"மே பதினொண்டு நான் கோயிலுக்கு வருவன்."

"மச்சாள்…"

"பாட வருவன். கலியாணத்துக்கு வரேல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நான் பாடாமல் விட்டதில்லை."

"சரி, மச்சாள்."

"விருந்துக்கு என்னைத் தேடக்கூடாது."

"தேடேல்லை."

பிறகு குருத்தோலையால் தன் தோளில் ஏதோ தட்டிவிட்டுக்கொண்டு, "அந்தத் தொழிலாளிக்குப் பாட்டு ஏதும் விருப்பமோ எண்டு கேள். பிறகு குறை சொல்லக்கூடாது" என்றார்.

றொஜரிடம் கேட்டேன். "அவா பாடுறது எதுவும் விருப்பம் எண்டு சொல்லும்" என்றார். பயந்தாங்கொள்ளி.

ஏப்ரல் 26, சனி

சட்டை ஆயத்தம். கழுத்துப்பட்டி படத்தில் இருப்பதுபோலவே விலகி நிற்கிறது. ரஹீம் உள்ளே என்ன வைத்துத் தைத்தாரோ சொல்லமாட்டேன் என்கிறார். இடுப்பு என்னுடையதுதான். அதைப் படத்தில் உள்ளவள் மன்னிக்கட்டும்.

வீட்டில் நிவேதிதா பொத்தான் பூட்டிப் பழகினாள். ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழே. பாதியில் விரல் நின்றது.

"மம்மா, அப்பாவின்ரை படம் எங்கை இருக்கும்? அவர் இஞ்சை வந்த பிறகு?"

இந்தக் கேள்விக்காக மாதக்கணக்கில் பயந்திருந்தேன். "இருக்கிற இடத்திலேயே இருக்கும்" என்றேன். "றொஜர்தான் சொன்னவர். 'அவர் எனக்கு முந்தி வந்தவர், அவர் அங்கையே இருக்கட்டும், நான் கதிரையை மாத்திப் போடுறன்' எண்டு."

அவள் அடுத்த பொத்தானைப் பூட்டினாள். கொஞ்சம் இறுக்கமாக.

மே 10, சனி

சினோரா தொப்பி போட்டுக்கொண்டு வருவாராம். முன்வரிசை வேண்டுமாம். பயம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

மே 12, திங்கள்

ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

நேற்று நான் உள்ளே வந்ததும் கோயில் ஒரு கணம் அடங்கியது. பிறகு அந்த முணுமுணுப்பு, நான் எதிர்பார்த்த அதே சொல்: "கூறை நிறம்… கூறை நிறமெல்லே…" நான் நடந்தேன். காலைப் பார்க்காமல் நடக்கவேண்டும் என்று தீர்மானித்திருந்தேன், அப்படியே நடந்தேன். பாடகர் குழு நிற்கும் மாடம் வாசலுக்கு மேலே. மச்சாளின் குரல் அங்கிருந்து வந்தது, ஒரு சுரம் பிசகாமல். நான் அண்ணாந்து பார்க்கவில்லை.

றொஜர் கோட்டுப் போட்டு, நகங்களைச் சுரண்டித் தேய்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார். முன்வரிசையில் சினோரா, தனக்கு இரகசியம் என்று நினைத்த குரலில், கழுத்துப்பட்டி சரியாக வந்திருக்கிறதென்று முழுக் கோயிலுக்கும் அறிவித்தார்.

பிரசங்கம் முடிந்து எழுந்தபோதுதான் உணர்ந்தேன். முதுகின் நடுவில் காற்று. ஒரு பொத்தான் கழன்றுவிட்டது. ஒன்றில்லை, இரண்டு. மூச்சு விட்டால் அடுத்ததும் போகும் போல இருந்தது. நிவேதிதா சாட்சியாக எனக்குப் பக்கத்தில் நின்றாள், அவளுக்குத் தெரியாது. கையைப் பின்னால் கொண்டுபோனேன், எட்டவில்லை. பின்னால் அத்தனை சனம். யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. பாதர் புத்தகத்தைத் திறந்து, "றொஜர், ஸ்ரெல்லா" என்று தொடங்கிவிட்டார்.

அப்போது மேலே மரப்படி கிறீச்சிட்டது.

ஒருவர் இறங்கி வருகிறார். அவசரமில்லாமல். பாதர் நிமிர்ந்து பார்த்து நிறுத்தினார். எல்லாத் தலைகளும் திரும்பின. செருப்புச் சத்தம் வாசலிலிருந்து நடுவழியால் வந்தது. அந்த நடையை எனக்குத் திரும்பாமலே தெரியும்.

"அசையாதை" என்றார், காதுக்குப் பின்னால். விரல்கள் குளிர்ந்திருந்தன. "மூச்சை உள்ளுக்கு இழு. இன்னும். இப்ப சரி."

இரண்டையும் பூட்டினார். பிறகு மேலே கழுத்திலிருந்து இடுப்பு வரை எல்லாப் பொத்தானையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பட்டை ஒருமுறை தடவி நீவிவிட்டார். எனக்குத் தோள் நடுங்கியது. "ஆடாதையெண்டு சொன்னனானெல்லே" என்றார்.

பிறகு சத்தமாக: "நீங்கள் நடத்துங்கோ பாதர்."

திரும்பி ஏறிப்போக நேரம் காணாதென்று நினைத்தாரோ என்னவோ, அங்கேயே நின்றுவிட்டார், எனக்குப் பின்னால், ஒரு அடி தள்ளி. நாங்கள் வாக்குக் கொடுத்தோம். றொஜர் என் பெயரை இரண்டு தரம் சொன்னார். தாலி கட்டும்போது றொஜருக்குக் கொக்கி பிடிபடவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து என் கொண்டையைத் தூக்கிப் பிடித்தது.

மேலே தலைவி இல்லாமல் பாட்டுத் தொடங்கியது. "சுருதி கூடிப்போச்சு. நாசமறுப்பார்" என்று முதுகுப்பக்கம் முணுமுணுப்பு.

அவர் முகம் அப்போது எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது. நிவேதிதாவிடம் கேட்டேன். "சொல்லமாட்டன், மாமி சொல்லக்கூடாது எண்டவா" என்றாள்.

விருந்துக்கு அவர் வரவில்லை. நான் தேடவுமில்லை.

மே 20, செவ்வாய்

வேலையில் நிற்கும்போது மச்சாளின் அழைப்பு. கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவை.

"றொஜருக்கு இண்டைக்கு எப்ப வேலை முடியுது?"

"பின்னேரம். ஏன், மச்சாள்?"

"காஸ் முடிஞ்சுபோச்சு. புதுசைக் கொண்டுவந்தவன் கீழ் வாசலிலை வைச்சிட்டுப் போட்டான். நாலாம் மாடி. நான் தூக்கிறதோ?"

"சொல்லுறன்."

"சாப்பிடாமல் வரச்சொல்லு. கணவாய் காய்ச்சிறன். நீ வரவேண்டாம், உனக்கு வேலை கிடக்கும்."

றொஜர் துறைமுகத்திலிருந்து நேரே போனார். காஸ் ஏற்றியாயிற்று என்று முதலில் ஒரு செய்தி. பிறகு அலுமாரியை நகர்த்தச் சொல்கிறார் என்று ஒன்று. கப்பல் இறக்குவது இதைவிடச் சுகம் என்று ஒன்று. கணவாய் நல்ல உறைப்பு என்று ஒன்று.

கடைசியாக வந்தது இப்போதுதான்: "ஏர்னஸ்ற் சின்னனிலை மாமரத்தாலை விழுந்த கதை முடிஞ்சுது. ரண்டாவது அல்பம் எடுக்கப் போயிருக்கிறா. நீர் சாப்பிட்டிட்டுப் படும்."

சாப்பிட்டேன். அவருக்குக் கதவைப் பூட்டாமல் வைத்திருக்கிறேன்.